திருகோணமலையில் இன்னொரு தூபி எதற்கு?

வாசகர் கேள்வி, 2025 ஜனவரி 4

ஊரில் எந்தத் துயரம் நடந்தாலும் முதலில் எழுகிற பேச்சு தூபிதான். இருக்கிற சிலைகளுக்கு வருடத்தில் ஒரு நாள் மாலை விழுகிறது. மீதி நாளெல்லாம் காகம். அந்தப் பணத்தில் ஒரு வாசிகசாலையோ குடிநீர்த் தாங்கியோ கட்டினால் செத்தவர்களுக்கும் புண்ணியம், இருப்பவர்களுக்கும் பயன். திருகோணமலையில் இன்னொரு தூபி எதற்கு என்று யாராவது எனக்கு விளங்கச் சொல்ல முடியுமா?

ஜனவரி 4, இரவு

தம்பி, முயன்று பார்க்கிறேன். உள்ளூராட்சி வேலைகளுக்குப் படம் வரைந்து ஓய்வு பெற்றவன் நான். வடிகான், மலசலகூடம், சந்தைக் கூரை என்று வரைந்தவற்றுக்கு நடுவே சில பீடங்களும் தூபிகளும் உண்டு. காகத்தைப் பற்றிய உங்கள் குறை நியாயமானது. காகம் உட்காராத சிலை வரைய எனக்கும் தெரியாது.

ஆனால் நேற்று முன்தினத்தை எண்ணிப் பாருங்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே பேசிக்கொண்டிருந்த மாணவர்கள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். வழக்கு இழுபட்டு இழுபட்டு 2019 ஜூலையில் சந்தேக நபர்கள் 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். நீதிமன்றத்தில் வழக்குக் கோவை மூடப்பட்டது. அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் அதே திகதியில் அதே இடத்துக்குப் படங்களோடும் மெழுகுதிரிகளோடும் ஆட்கள் வருகிறார்கள். எங்கே என்று கேட்டால் 'காந்தி சிலையடி' என்றால் போதும், முச்சக்கர வண்டிக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார். காந்திக்காக வைத்த சிலை இன்று வேறு ஐந்து பேருக்கு விலாசமாக நிற்கிறது. வைத்தவர்கள் கனவிலும் நினைத்திராத வேலை அது.

பயன் என்ன என்று கேட்டீர்கள். முதல் பயன் இதுதான்: கோவை மூடப்பட்ட பிறகும் வந்து நிற்பதற்கு ஓர் இடம்.

ஜனவரி 5

அந்த ஐவரும் குண்டு வெடித்து இறந்ததாகத்தானே அப்போது செய்தி வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படித்தான் முதலில் சொல்லப்பட்டது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைக் காட்டிய படங்களை எடுத்தவர் சுடர் ஒளி பத்திரிகைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் இந்த நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தப் படங்கள் இல்லாதிருந்தால் கல்லில் எதைப் பொறிப்பது என்றே நமக்குத் தெரிந்திராது. ஆவணம் முன்னே, தூபி பின்னே. ஆவணம் இல்லாத தூபி நூறு வருடத்தில் தலபுராணம் ஆகிவிடும். இதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 11

வாசிகசாலை கட்டலாம் என்ற கட்சிக்கு ஆள் சேர்ந்திருக்கிறது. நல்லது. இது பழைய சண்டை. இரண்டு உலகப் போர்களுக்குப் பின்பும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தூணா மண்டபமா என்று ஊருக்கு ஊர் பிடுங்குப்பட்டிருக்கிறார்கள். நினைவு மண்டபம், நினைவு வைத்தியசாலை, நினைவு விளையாட்டரங்கு எல்லாம் அப்படி வந்தவை.

நமக்கும் இது புதிதல்ல. பஸ் தரிப்பிடங்களின் நெற்றியைப் பாருங்கள். அதற்கும் வசதி இல்லாதவர்கள் சனசமூக நிலையத்துக்குக் கதிரை வாங்கிக் கொடுப்பார்கள். முதுகில் 'அமரர் இன்னார் ஞாபகார்த்தமாக' என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். மாதக் கூட்டத்தில் ஐம்பது அமரர்கள் மேல் சாய்ந்துகொண்டு வடிகானுக்காகச் சண்டை பிடிக்கிறோம்.

பயன்படுகிற பொருளில் பெயர் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. பொருள் தேயும்போது பெயரும் தேய்கிறது. தாங்கி ஒழுகினால் செத்தவருக்குத்தான் ஏச்சு. வீதியை அகலமாக்கும்போது தரிப்பிடம் இடிபடும். பெயர்ப்பலகை எங்கே போனது என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

ஆனாலும் சில இடங்களில் நானே உங்கள் கட்சி. 2021 நவம்பர் 23 கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் இல்லாத குறைக்கு ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அங்கே போய் யாராவது தூபி கட்டலாம் என்றால் நான்தான் முதலில் திட்டுவேன். அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்கவேண்டியது பாலம். ஒன்று இல்லாத காரணத்தால் செத்தவர்களுக்கு அந்த ஒன்றைக் கட்டிக் கொடுங்கள். இன்னொருவர் கையால் செத்தவர்களுக்கு வாசிகசாலை கட்டிக் கொடுத்தால், என்ன நடந்தது என்பதைப் புத்தக அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிடுகிறீர்கள்.

ஜனவரி 12

கதிரைக்குச் சிரித்தவர்களுக்கு: என் தகப்பனார் பெயரிலும் கதிரைகள் உண்டு. ஒன்றின் கால் உடைந்து கம்பி கட்டியிருக்கிறார்கள். அவருக்கும் கடைசிக் காலத்தில் முழங்கால் சரியில்லை.

பெப்ரவரி 2

நிலாவெளி வீதியால் போகிறவர்கள் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். பிரித்தானிய யுத்த மயானம். இரண்டாம் உலகப் போரில் இறந்த முந்நூறுக்கு மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். எனக்கு அங்கே போரைவிட வேலை நேர்த்திதான் கண்ணில் படும். புல் விளிம்பு கல்லில் ஏறாது. வரிசை கோணாது. ஒருமுறை போனபோது, கல்லைச் சுற்றி இயந்திரம் எட்டாத ஒரு விரல் அகலப் புல்லை ஒருவர் குந்தியிருந்து கைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். இயந்திரத்தைக் கிட்டக் கொண்டுபோனால் கல்லில் வடு விழும் என்றார். அலுவலகத்தில் எத்தனையோ பராமரிப்புத் திட்டம் தயாரித்திருக்கிறேன். அந்த ஒரு விரல் அகலம் எதிலும் இருந்ததில்லை.

இந்த மயானங்களுக்குப் பின்னால் கண்டிப்பான ஒரு கொள்கை இருக்கிறது. 1917இல் இதற்கென ஓர் ஆணைக்குழு அமைத்தார்கள். எப்படிக் கட்டுவது என்று 1918இல் பிரெடெரிக் கென்யன் அறிக்கை எழுதினார். எல்லோருக்கும் ஒரே அளவுக் கல். பதவி, சாதி, மதம் பார்த்துப் பெரிதாக்கக்கூடாது. பணக்காரக் குடும்பம் தன் பிள்ளைக்கு மட்டும் பளிங்கு மண்டபம் கட்டமுடியாது. உடலை ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாது. பெற்றோர் கொதித்தார்கள், பாராளுமன்றம்வரை போனது. கடைசியில் குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்தது கல்லின் அடியில் சொந்தமாக ஒரு வாசகம், அதுவும் 66 எழுத்துக்குள். ஜெனரலுக்கும் சமையற்காரனுக்கும் ஒரே கல் என்பது அந்தக் காலத்துக்குச் சின்ன விஷயமில்லை.

ஆனால் சமத்துவம் எல்லோருக்கும் எட்டவில்லை. முதலாம் உலகப் போரில் இறந்த ஆபிரிக்க, ஆசியப் படையினரில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் குறிக்கப்படாமலோ முற்றிலும் நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்று 2021இல் அந்த ஆணைக்குழுவே அமைத்த விசாரணை சொன்னது. நிலாவெளி வீதிப் புல்லைப் பார்த்து மெச்சும்போது இதையும் சேர்த்துத்தான் நினைக்கிறேன்.

தூபிக்கு நிதி சேர்ப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது யார் கூட்டுவார் என்பதை. திறப்பு விழா முடிந்த மறுநாள் காலை விளக்குமாறு பிடிக்கப்போகிறவரின் பெயர் தெரியாவிட்டால் கல் வாங்கப் போகாதீர்கள்.

பெப்ரவரி 3

"அந்நியன் பிணத்துக்குப் புல் வெட்டுகிறோம், நம் பிணத்துக்கு முள் வளர்க்கிறோம்" என்று ஒரு நண்பர் பொரிந்து தள்ளியிருக்கிறார். புல் வெட்டும் ஏற்பாடு அந்த ஆணைக்குழுவுடையது நண்பரே, நகரசபையுடையது இல்லை. நம் பக்கத்து முள்ளுக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்நியனின் சின்னம் என்றால் எனக்குப் பிடித்தது வேறு. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள். பிரித்தானியர் கட்டியவற்றில் 99 தாங்கிகள் இன்றும் எண்ணப்படுகின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அன்றுதான் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. விமானம் ஒன்று தாங்கியின் மேல் விழுந்து எரிந்த இடம் அப்படியே இருக்கிறது. உருகிச் சுருண்ட இரும்பு. அதற்குப் படம் வரைந்தவர் யாருமில்லை, திறந்து வைத்தவரும் இல்லை. ஆனால் போரென்றால் என்னவென்று அதைப் பார்த்த பிள்ளைக்கு விளக்கம் தேவைப்படாது. அழிந்ததை அழிந்தபடியே விடுவதும் ஒரு வடிவமைப்புத்தான்; ஹிரோஷிமாவில் குவிமாடத்தை அப்படித்தான் காத்துவைத்திருக்கிறார்கள்.

மார்ச் 16

சாமான் பற்றிப் பேசுவோம், இது என் களம்.

கடலுக்கு முன்னால் கொங்கிரீட் சிலை வைப்பவர்கள் முதலில் உப்பைக் கணக்கில் எடுக்கவேண்டும். உப்புக் காற்று கொங்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதற்குள்ளே இடமில்லை, ஆகவே வெளியே தள்ளும். முதலில் மயிரிழை வெடிப்பு, பிறகு காவி நிறக் கசிவு, பிறகு தலைவரின் முழங்கை கழன்று விழும். எதிரி வந்து உடைத்தான் என்று ஊரில் கதை கிளம்பும். சில இடங்களில் உண்மையிலேயே வந்து உடைத்திருக்கிறார்கள். 2012 ஏப்ரலில் மட்டக்களப்பில் காந்தி, விபுலானந்தர் சிலைகளை ஒரே இரவில் உடைத்தார்கள். ஆனால் பாதிக் குற்றவாளி கழுவாத கடல் மண்ணும், கம்பிக்கு மேல் இரண்டு அங்குலம் கொங்கிரீட் விடாத மேசனும்.

பித்தளை எழுத்து ஒட்டாதீர்கள். பழைய இரும்புக் கடைக்கு நடந்து போய்விடும்.

கறுப்புக் கிரனைட் இப்போது நாகரிகம். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரை மாயா லின் கறுப்புக் கிரனைட்டில் அமைத்ததற்குக் காரணம் இருந்தது: 58,000க்கு மேற்பட்ட பெயர்களுக்கு நடுவே படிப்பவரின் முகமும் தெரியவேண்டும். நாம் அதைக் கண்டுவிட்டுத் தரைக்கும் பதிக்கிறோம். நம் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கும்பிட வருவார்கள் என்பதை மறந்துவிட்டு! மே மாத நண்பகலில் அந்தத் தரையில் ஒரு மூதாட்டி காலை மாற்றி மாற்றி வைத்ததைப் பார்த்தபிறகு, தரைக்கு வெளிர் நிறக் கரடுமுரடான கல் தவிர வேறெதையும் நான் எழுதிக்கொடுத்ததில்லை.

எழுத்தை ஆழமாக, ஆங்கில வீ வடிவப் பள்ளமாக வெட்டச் சொல்லுங்கள். பெயின்ட் போனாலும் நிழல் விழுந்து எழுத்துத் தெரியும். புள்ளிகளில் கவனம். தமிழ்ப் புள்ளியைச் சிறு துளையாகத் துளைத்து விடுகிறார்கள். குளவி மண் வைத்து அடைத்துவிடுகிறது. துளையைக் கொஞ்சம் அகலமாக, ஆழமில்லாமல், கிண்ணம்போல் வெட்டினால் மழை கழுவிவிடும்.

மார்ச் 17

மட்டக்களப்பு நண்பர் கேட்கிறார்: பளிங்குக் கல் ஏன் கூடாது? கூடும், வீட்டுக்குள்.

ஏப்ரல் 24

ஆவணம் இல்லாத தூபி தலபுராணம் ஆகும் என்றேன். இன்று அதற்குரிய நாள்.

நம் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை உச்சியில் பிரான்சினா வான் ரீட் தூண். காதலன் கப்பலேறிப் போகிறான், டச்சு அதிகாரியின் மகள் உச்சியிலிருந்து குதிக்கிறாள், தகப்பன் தூண் நாட்டுகிறான். வழிகாட்டிகள் கண்ணீர் வரச் சொல்வார்கள். தூணில் இருப்பதோ அவள் பெயரும், 1687 ஏப்ரல் 24 என்ற நாளும், நினைவாக எழுப்பியது என்பதும்தான். குதித்தாள் என்று ஒரு சொல் இல்லை. அவள் பின்னாளில் திருமணம் செய்து வாழ்ந்ததாக டச்சுப் பதிவுகளைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

உயிரோடு இருந்தவளை முந்நூறு வருடமாக மலையிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறோம். காரணம் எழுதாமல் விட்டதுதான். கல் எதைச் சொல்லாமல் விடுகிறதோ அதை ஊர் நிரப்பும், ஊருக்குப் பிடித்த மாதிரி.

இன்னொன்று. அந்தத் தூணே இடிக்கப்பட்ட கோயிலின் தூண் என்பார்கள். ஒன்றை அழித்த கல்லில்தான் இன்னொன்றுக்கு நினைவுச்சின்னம்.

ஏப்ரல் 27

கோயிலுக்கே எங்கே நினைவுச்சின்னம் என்று கேட்டவருக்கு: கோட்டை வாசலில் நிற்கிறீர்கள் ஐயா. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களால் 1624இல் கோட்டை எழுந்தது. நுழைவாயில் நிலைக்கல்லில் பாண்டியரின் இரட்டை மீனும் சிதைந்த தமிழ் வரிகளும் இருக்கின்றன. 'முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியை' என்று தொடங்கி, பின்னே பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்று தீர்க்கதரிசனம் போலப் போகும் பாட்டை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். வென்றவன் வாசலிலேயே தோற்றவன் வாசகம். நிலைக்கல்லுக்கு ஏற்ற அளவென்று எடுத்து வைத்திருப்பான், எழுத்தை அவன் எங்கே படித்தான்?

நான் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது இந்த வாசலில்தான் அதிக நேரம் நிற்பேன். பிள்ளைகள் மான்களைப் பார்க்க ஓடிவிடுவார்கள்.

மே 13

போன வருடம் இதே நாட்களில் சேனையூரில், 2009 மே மாதம் போரின் கடைசியில் இறந்தவர்களை நினைத்துக் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் கொடுத்ததற்காகச் சிலர் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். அரிசி, உப்பு, தண்ணீர். கல் இல்லை, கம்பி இல்லை, பீடம் இல்லை. இடிக்க எதுவும் இல்லாததால் அகப்பையைப் பிடித்தவர்களைப் பிடித்தார்கள்.

இதை யோசித்தபிறகு ஜனவரியில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இடம் வேண்டும் என்றேன். இடம் மட்டும் போதாது. நாள் வேண்டும், அந்த நாளில் கைக்கு ஒரு வேலை வேண்டும். நம் செத்தவீட்டு வழக்கத்தைப் பாருங்கள். முப்பத்தோராம் நாள் அச்சடிக்கும் மலரில் முதல் பக்கத்தில் திதி வெண்பா. வருடம், மாதம், பட்சம், திதி எல்லாம் அந்த நாலு வரியில். பாட்டு சுமாராகத்தான் இருக்கும், ஆனால் பேரப்பிள்ளைக்கு எந்த நாளில் படைக்கவேண்டும் என்று அது சொல்லிவிடும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பாருங்கள். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்ய உண்டாக்கிய ஏழு கிணறு என்பது கதை. இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போவது இன்றும் நடக்கிற காரியம். சிலையில்லை, பெயர்ப்பட்டியல் இல்லை. வாளியும் வெந்நீரும்.

என் பெரியம்மாவைக் கடல் கொண்டுபோனது 2004 டிசம்பர் 26. அரசாங்கம் ஒவ்வொரு வருடமும் அன்று காலை 9.25க்கு இரண்டு நிமிட மௌனம் சொல்கிறது. நாங்கள் மார்கழிப் பூரணையில் படைக்கிறோம், ஏனென்றால் அன்று பூரணை. இரண்டு நாளும் எங்களுக்கு வேண்டும். மௌனம் ஊரோடு, சோறு வீட்டோடு.

மே 14

நேற்றைய குறிப்புக்குக் கீழே அரசியல் பேசவேண்டாம் என்று இரண்டு பேர். தூபியைப் பற்றிப் பேசும் இடத்தில் அரசியல் வேண்டாமென்றால் கொங்கிரீட் கலவை மட்டும்தான் மிச்சம். அதைத்தான் மார்ச்சில் எழுதிவிட்டேனே.

ஜூலை 6

ஆசிரியர் ஒருவர் நடுகல்லை நினைவூட்டியிருக்கிறார். தொல்காப்பியம் அதற்கு ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் காண்பது, எடுக்க நாள் செய்வது, நீராட்டுவது, நடுவது, படையல், வாழ்த்து. கல்லின் உயரம் என்ன, உருவம் என்ன என்பதற்கு அங்கே இடமில்லை. ஆட்கள் என்ன செய்யவேண்டும் என்பதே முழுக்க. கேள்விப்பத்திரம் (டெண்டர்) தயாரிக்கிற நம் அலுவலகங்களில் உயரமும் அகலமும் மட்டுமே இருக்கும், செய்கிற காரியம் ஒன்றும் இருக்காது.

ஆனால் தம்பி, உங்கள் கேள்விக்கும் பழைய ஆதரவு இருக்கிறது, மறைக்கமாட்டேன். அதியமான் இறந்தபிறகு ஔவையார் கேட்கிறார்: நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், நடுகல்லில் பீலி சூட்டிச் சிறு கலத்தில் ஊற்றுகிற கள்ளைக் கொள்வானோ? தூபி எதற்கு என்ற கேள்வியை இதைவிட வலிக்கக் கேட்கமுடியாது. கேட்டவர் கல்லை உடைக்கச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

செப்டம்பர் 21

பெயர் வரிசை பற்றி ஒரு வாரமாகச் சண்டை நடப்பதால் இது.

அகரவரிசையில் போட்டால் தொலைபேசிப் புத்தகம். மாயா லின் இறந்த நாள் வரிசையில் போட்டார். ஒன்றாக இறந்தவர்கள் சுவரிலும் ஒன்றாக இருக்கிறார்கள். உயிர் தப்பி வந்தவன் தன் தோழர்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் தொடுகிறான். அப்போது அவருக்கு வயது 21, மாணவி. பெயர் தெரியாமல் நடத்திய போட்டியில் 1,421 வரைபடங்களிலிருந்து எடுத்தார்கள். வீரர் சிலை இல்லையே என்று எதிர்ப்புக் கிளம்பிப் பிறகு பக்கத்தில் மூன்று வீரர் சிலையும் வைத்தார்கள்.

நம் ஊருக்கு நான் சொல்வது குடும்ப வரிசை. கடல் கொண்டுபோன வீடுகளில் தாயும் பிள்ளைகளும் அடுத்தடுத்து இருக்கட்டும்.

மொழி வரிசையில் சண்டை வேண்டாம் என்பேன். பெயரை இறந்தவரின் தாய் எந்த எழுத்தில் எழுதுவாளோ அதில் முதலில் வெட்டுங்கள். மூதூர், கிண்ணியா, நகரம் என்று எங்கே வைத்தாலும் கல்லில் மூன்று சமூகமும் வரும்.

இனி எரிச்சல். ஒரு தூபிக்கு நான் வரைந்த படத்தில் இறந்தவர்களின் பெயர் ஓர் அங்குல எழுத்து. திறந்து வைப்பவர் பெயருக்கு இடமே விடவில்லை, பின்பக்கம் சின்னதாகப் போடலாம் என்று குறித்திருந்தேன். முடிந்தபிறகு போய்ப் பார்த்தால் பெயர்கள் அரை அங்குலம்; முகப்பில் திறந்து வைத்தவரின் பெயர் இரண்டு அங்குலம், பொன் நிறம். அவர் அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். பொன் நிறம் மட்டும் மங்கவில்லை, நல்ல சாமான் போட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 18

ஞாயிறு இரவு கடற்கரையில் வைத்த புத்தர் சிலையைப் பொலிஸார் எடுத்தார்கள், நேற்று திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லோரும் என்னிடம் கருத்துக் கேட்கிறீர்கள். 2005 மே மாதத்தில் பஸ் நிலையத்தருகே ஓர் இரவில் சிலை முளைத்ததும் கடையடைப்பு வந்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

இவை யாருக்காகவும் அழுவதற்கு வைத்தவை இல்லை. நிலத்தில் ஆணி அடிப்பதற்கு வைத்தவை. அடையாளம் காண்பது எளிது: இரவில் வைப்பார்கள், காவலுக்கு ஆள் போடவேண்டி வரும். புத்தரைக் கும்பிடுகிற எவருக்கும் இது பெருமையாக இருக்கமுடியாது.

நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், திட்ட வருபவர்கள் வரிசையில் வாருங்கள். கோணேசர் மலையில் பெரிய சிவன் சிலையும், பாறை விளிம்பில் வண்ணம் பூசிய இராவணனும் எழுந்தது ஏன்? வழிபாட்டுக்குக் கருவறை இருக்கிறது. உயரம் யாருக்குக் காட்ட? மூவாயிரம் வருடக் கதையுள்ள மலைக்குச் சீமெந்தில் சான்றிதழ் தேவையில்லை. உயரப் போட்டியில் இறங்கினால் அதிகப் பணமும் அதிகத் துப்பாக்கியும் உள்ளவன்தான் வெல்வான். கிளிநொச்சியில் வெடித்த கொங்கிரீட் கட்டியின் மேல் தாமரை பூத்த வெற்றிச் சின்னத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அந்த வெடிப்புக்குள் போன சனத்துக்கு அங்கே ஒரு வரி கிடையாது.

நவம்பர் 19

வரிசையில் வரச் சொன்னேன், கூட்டமாக வந்துவிட்டீர்கள். பதில் எழுதுவதற்குள் வருடம் முடிந்துவிடும்.

நவம்பர் 23

முதலில் கேட்ட தம்பி திரும்பி வந்து, "சரி, உங்களிடம் பணத்தைக் கொடுத்தால் என்ன வரைவீர்கள்" என்கிறார். இதற்காகத்தான் காத்திருந்தேன்.

சுனாமிக்கு வரைவேன். நம் மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். ஜப்பானில் அனெயோஷி என்ற சிற்றூரில் 1933 சுனாமிக்குப் பிறகு ஒரு கல் நட்டார்கள்: இதற்குக் கீழே வீடு கட்டாதே. 2011இல் வந்த அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது, வீடுகள் தப்பின. அதுதான் எனக்குத் தெரிந்ததில் சிறந்த நினைவுக்கல், உங்கள் பயன் கணக்குக்கும் சரிவரும்.

குச்சவெளியிலிருந்து மூதூர்வரை, பழைய ஆட்களைக் கேட்டு, தண்ணீர் நின்ற உயரத்தில் கோடு வெட்டிய கற்கள். ஒரே பெரிய தூபி வேண்டாம், ஊருக்கு ஒன்று, ஆள் உயரம். கோட்டுக்குக் கீழே மேட்டு நிலம் எந்தப் பக்கம் என்று ஓர் அம்பு. பின்பக்கம் அந்த ஊர்ப் பெயர்கள், குடும்பம் குடும்பமாக. பக்கத்தில் பூவரசு, உப்புக் காற்றுக்கு அது தாக்குப்பிடிக்கும். மரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் கட்டு, மூதாட்டிகள் கூட்டம் முடியும்வரை உட்கார. பெயர் தெரிந்த ஒரு கூட்டுபவருக்கு மாதச் சம்பளம், கல்லுக்குக் காசு ஒதுக்குமுன்.

விளக்கு மாடத்துக்குத் திசை முக்கியம். டிசம்பரில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து, கடல் பக்கமிருந்து அடிக்கும். மாடத்தின் வாய் தரைப் பக்கம் பார்த்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு திரியும் நிற்காது. இதே கல்லில் மே மாதத்திலும் விளக்கேற்றுவோம் என்பவர்கள் கச்சான் காற்றை நினைக்கவேண்டும், அது தரையிலிருந்து வரும். அவர்களுக்குக் கடல் பக்கமும் ஒரு மாடம் வெட்டுங்கள். செலவு பெரிதாகக் கூடாது, கல்வெட்டுபவருக்கு அரைநாள் வேலை.